மார்க் இருக்கிறது, வழி சொல்லத்தான் ஆள் இல்லை: வாசகர் கேள்வி-பதில்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நேரம் என்பதால், இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காலேஜ் சேர்க்கை பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். படிக்கிற பிள்ளைகளின் விஷயம் என்பதால் பெயர்களை எடுத்துவிட்டு மாவட்டத்தை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் படித்து இன்ஜினியரிங் கட் ஆஃப் 200க்கு 171 வாங்கியிருக்கிறாள். நாங்கள் இருவரும் செங்கல் சூளையில் வேலை செய்கிறோம். எதிர் வீட்டு டீச்சர் மகனுக்கு 150கூட இல்லை, நல்ல காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்துவிட்டது. போன வருடம் எங்கள் தெருப் பையன் 175 வாங்கியும் பேர் தெரியாத காலேஜில் போய்ச் சேர்ந்தான். அப்படியென்றால் மார்க்குக்கு என்னதான் மதிப்பு?
*வாசகி, தருமபுரி மாவட்டம்*

மதிப்பு இருக்கிறது அம்மா, ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு பையன்களின் கதையும் ஒன்றல்ல. டீச்சர் மகன் போனது மேனேஜ்மென்ட் கோட்டாவாக இருக்கும். சிறுபான்மையினர் நடத்தாத தனியார் இன்ஜினியரிங் காலேஜ்களில் 65 சதவீத இடம் அரசு கவுன்சலிங்குக்கு, மீதி 35 சதவீதம் நிர்வாகத்துக்கு. சிறுபான்மைக் காலேஜ் என்றால் பாதிக்குப் பாதி. நிர்வாக இடத்தில் பணம் பேசும், அந்த வழியை நினைத்து நீங்கள் மனம் நொந்துகொள்ள வேண்டாம், கடன் வாங்கி அந்தப் பக்கம் போகவும் வேண்டாம்.

எனக்கு உறுத்துவது உங்கள் தெருப் பையன் விஷயம்தான். 175 வாங்கியவன் ஏன் அங்கே போனான்? கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்வேன், சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசை போட்டுக் கொடுப்பதில், கோட்டை விட்டிருப்பான். 2018க்கு முன்னால் கவுன்சலிங் என்றால் எல்லாரும் சென்னைக்கு வந்து அண்ணா பல்கலைக்கழகத்தில் உட்கார வேண்டும், ராத்திரி பஸ் ஏறி வந்து காலையில் முகம் கழுவிக்கொண்டு நிற்கிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு எல்லாம் ஆன்லைன். அலைச்சல் போனது நல்லதுதான், ஆனால் அன்றைக்கு எதிரே உட்கார்ந்து விளக்க ஒரு ஆள் இருந்தார், இன்றைக்கு நானூறுக்கும் மேற்பட்ட காலேஜ், ஒவ்வொன்றிலும் பல பிரிவு, எல்லாவற்றுக்கும் ஒரு கோடு நம்பர், இதை வைத்துக்கொண்டு பதினேழு வயதுப் பிள்ளை தனியாக முடிவெடுக்கிறது. படித்த வீட்டில் அப்பாவும் மாமாவும் சித்தியும் சேர்ந்து நாலு நாள் ராத்திரி உட்கார்ந்து, போன வருடக் கட் ஆஃப் என்ன, எந்தக் காலேஜில் தேர்ச்சி எவ்வளவு, அங்கே படிக்கிற பையனுக்கு ஒரு போன் என்று அலசி ஆராய்ந்து வரிசை போடுகிறார்கள். சூளைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை பிரவுசிங் சென்டருக்குப் போகிறது, அங்கே இருக்கிறவர் தனக்குத் தெரிந்த பத்துப் பெயரைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். இதைவிட மோசம், பள்ளிக்கூட வாசலிலேயே வந்து நிற்கிற ஏஜென்ட்கள். "லேப்டாப் தருகிறோம், பஸ் ஃப்ரீ" என்று சொல்லி ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, தங்கள் காலேஜை முதல் சாய்ஸாகப் போட்டுவிடுகிறார்கள்.

குடும்பப் பின்னணி என்றால் நாம் உடனே நிலம், வீடு, சம்பளம் என்று நினைக்கிறோம். அதெல்லாம் உண்டுதான். ஆனால் எந்தத் தேதிக்குள் என்ன செய்யவேண்டும், எதை யாரிடம் கேட்கவேண்டும் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கிறதா, அந்தத் தேதியில் கையில் கொஞ்சம் காசு இருக்கிறதா, இந்த இரண்டும் சேர்ந்துதான் 150ஐ மேலே தூக்குகிறது, 175ஐக் கீழே தள்ளுகிறது என்பது என் அனுபவம்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். சாய்ஸ் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், வரம்பே கிடையாது. வரிசைதான் முக்கியம். கிடைக்காது என்று தோன்றினாலும் ஆசைப்படுகிற காலேஜை மேலே போடட்டும், போன வருடம் 171ஐ ஒட்டி முடிந்த இடங்களை நடுவில், கண்டிப்பாகக் கிடைக்கும் என்பதைக் கீழே. சாதிப் பிரிவு வாரியாகப் போன வருடக் கட் ஆஃப் கவுன்சலிங் இணையதளத்திலேயே இருக்கிறது. மாவட்டத்தில் அரசின் சேர்க்கை சேவை மையம் இருக்கும், அங்கே உதவிக்குக் காசு கிடையாது. பாஸ்வேர்டும் போனுக்கு வருகிற ஓடிபியும் உங்கள் வீட்டைத் தாண்டி யாருக்கும் போகக்கூடாது, ஒரிஜினல் சர்டிபிகேட்டும் அப்படித்தான். முக்கியமாக, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தனித் தரவரிசை உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் அரசு கட்டும் என்று 2021ல் அறிவித்திருக்கிறார்கள். காலேஜில் வேறு பெயர் சொல்லிப் பணம் கேட்டால் கட்டாதீர்கள், எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள், கேட்பதையும் நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: முதல் பட்டதாரிச் சலுகை, 7.5 ஒதுக்கீடு, மாதம் 1000 ரூபாய், பஸ் பாஸ் என்று எல்லாம் கொடுத்த பிறகும் "ஏழைக்கு வாய்ப்பில்லை" என்று எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். வரி கட்டுகிற எங்கள் பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. இது நியாயமா?
*வாசகர், கோயம்புத்தூர்*

ஐயா, கோபமாகக் கேட்டிருந்தாலும் நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நானும் நேராகவே சொல்கிறேன். நீங்கள் பட்டியலிட்ட திட்டங்கள் வீண்போகவில்லை. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 18லிருந்து 23 வயதுக்கான உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியா முழுக்க 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. சும்மா வந்த எண் அல்ல அது. மதிய உணவு, ஊருக்கு ஊர் பள்ளி, இடஒதுக்கீடு, அரசுக் கல்லூரி என்று பல தலைமுறை போட்ட உழைப்பு அது.

ஆனால் திட்டம் இருப்பதும், அது பிள்ளையின் கைக்கு நேரத்தில் வருவதும் வேறு வேறு. உத்தரப்பிரதேசத்தில் முசாபர்நகர் மாவட்டத்துப் பையன் ஒருவனின் வழக்கை நீங்கள் படித்திருப்பீர்கள். தினக்கூலித் தொழிலாளியின் மகன், பட்டியல் சாதியைச் சேர்ந்தவன், 2024ல் ஜேஇஇ அட்வான்ஸ்டு பாஸாகி தன்பாத் ஐஐடியில் எலக்ட்ரிக்கல் பிரிவில் இடம் வாங்கினான். சேர்வதற்குக் கட்டவேண்டிய தொகை 17,500 ரூபாய். ஜூன் 24 மாலை 5 மணிக்குள் கட்டவேண்டும். குடும்பம் ஊரெல்லாம் கேட்டுப் பணத்தைத் திரட்டிவிட்டது, ஆனால் கடைசி நிமிடங்களில் ஆன்லைனில் பணம் போகாமல் இடம் போய்விட்டது. அந்த வருடம் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் நம் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தார்கள், அப்புறம் உச்ச நீதிமன்றம். செப்டம்பர் 30ஆம் தேதி, அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி அவனைச் சேர்த்துக்கொள்ளும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. இத்தனைக்கும் ஐஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணமே கிடையாது. சலுகை முழுசாக இருந்தது, தகுதி முழுசாக இருந்தது, ஒரு சாயங்காலத்துக்கு 17,500 ரூபாய் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். உங்கள் மகனாக இருந்தால் நீங்கள் ஆபீசில் இருந்தபடியே போனில் கட்டியிருப்பீர்கள், அப்படி ஒரு தேதி இருந்ததே வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது. நீதிமன்றம் வரை போகமுடியாமல் "நமக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்று வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளைப் பற்றித்தான் நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. சோப்பு வாங்குகிற, செல்போன் ரீசார்ஜ் செய்கிற ஒவ்வொருவரும் வரி கட்டுகிறார்கள். சூளைத் தொழிலாளியும் கட்டுகிறார். உங்கள் மகன் அரசுக் கல்லூரியிலோ அண்ணா பல்கலைக்கழகத்திலோ சேர்ந்தால் அந்தக் குறைந்த கட்டணத்துக்குப் பின்னால் அவருடைய காசும் இருக்கிறது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1953ல் சென்னை மாகாணத்தில் ஒரு கல்வித் திட்டம் வந்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நாள் வகுப்பு, மீதி நேரம் அப்பன் செய்கிற தொழிலைப் பழகவேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் எதிர்த்தார்கள், 1954ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அன்றைக்குப் பள்ளியில் இருந்த பிள்ளைகள் இன்றைக்கு எண்பது வயதுத் தாத்தாக்கள், பாட்டிகள். அவர்களுடைய பேரனும் பேத்தியும்தான் இப்போது காலேஜ் வாசலில் நிற்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் படிப்பு வந்து சேர எத்தனை வருடம் ஆகிறது என்று இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: மகன் நீட்டில் மார்க் போதவில்லை. ஒரு வருடம் லாங் டெர்ம் கோச்சிங் போகிறேன் என்கிறான், லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிறேன். அனுப்பலாமா?
*வாசகர், திருச்சி*

ஆட்டோவையோ வீட்டையோ அடகு வைத்து அனுப்பாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் 7.5 ஒதுக்கீட்டில் போன வருடம் எந்த மார்க் வரை எம்.பி.பி.எஸ். கிடைத்தது என்று பாருங்கள், அதற்குக் கொஞ்சம்தான் குறைவு என்றால் இன்னொரு முறை முயற்சி செய்வதில் அர்த்தம் உண்டு. தனியார் பள்ளியில் படித்தவன், மார்க்கும் ரொம்பத் தள்ளி இருக்கிறது என்றால், நர்சிங், பிசியோதெரபி, பார்மசி எல்லாவற்றுக்கும் இப்போதே விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

இந்தத் தேர்வு எந்த வீட்டுப் பிள்ளைக்கு வசதியாக இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தமிழ்நாட்டில் 1984ல் தொடங்கிய நுழைவுத் தேர்வு, கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதகம் என்று சொல்லி 2006ல் சட்டம் போட்டு நிறுத்தப்பட்டது. 2017ல் நீட் வடிவில் திரும்பி வந்தது. அந்த வருடம் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த பெண், அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர், உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்டும் மருத்துவ இடம் கிடைக்காமல் நாம் அவரை இழந்தோம். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021ல் கொடுத்த அறிக்கையைப் படித்தால் மனம் கனக்கும். நீட்டுக்கு முன் மருத்துவம் சேர்ந்தவர்களில் 14 சதவீதத்துக்கு மேல் தமிழ் வழியில் படித்தவர்கள், அதன்பின் அது மிகச் சில சதவீதமாகச் சரிந்தது. முதல் முயற்சியில் சேர்கிறவர்கள் குறைந்து, ஒரு வருடம், இரண்டு வருடம் கோச்சிங் போய்த் திரும்ப எழுதுகிறவர்கள் பெரும்பான்மையானார்கள். ஒரு வருடம் சம்பாதிக்காமல் உட்கார்ந்து படிக்க எந்த வீட்டுப் பிள்ளையால் முடியும்? 2020ல் 7.5 சட்டம் வந்ததால்தான், ஒற்றை இலக்கத்துக்குப் போயிருந்த, மருத்துவம் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை ஒரே வருடத்தில் முன்னூறைத் தாண்டியது. திறமை இல்லாத பிள்ளைகள் அல்ல அவர்கள், வாசல் சாத்தியிருந்தது.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள், டாக்டர் ஆகாவிட்டாலும் அப்பாவுக்கு அவன்மேல் வருத்தம் இல்லை என்று. வாய்விட்டுச் சொல்லுங்கள், மனசுக்குள் வைத்திருந்தால் பிள்ளைக்குத் தெரியாது.

கேள்வி: கல்விக் கடனுக்கு பேங்க் மேனேஜர் வீட்டுப் பத்திரம் கேட்கிறார். எங்களுக்கு வீடே வாடகை. டூவீலர் லோன் இரண்டு தவணை தவறியதால் அப்பாவுக்கு சிபில் (கடன் திருப்பிக் கட்டுவதற்கான மதிப்பெண்) குறைவு என்றும் சொல்கிறார்.
*வாசகர், விருதுநகர் மாவட்டம்*

7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக்கூடாது என்பதுதான் வங்கிகளின் திட்டம். மேனேஜரிடம் நின்று வாதாடுவதைவிட வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் போடுங்கள், அதில் தேதியும் நம்பரும் பதிவாகும், "நீங்கள் வரவே இல்லையே" என்று யாரும் சொல்லமுடியாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள், கலெக்டர் ஆபீஸ் நடத்துகிற கல்விக் கடன் முகாமுக்கும் போங்கள். வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் செய்யலாம், வக்கீல் வேண்டாம், செலவும் இல்லை.

அப்பாவின் டூவீலர் பாக்கி சின்னத் தொகைதான் என்றால் முதலில் அதைக் கட்டி, நோ டியூ சர்டிபிகேட் வாங்கிக் கொடுங்கள். முடியாவிட்டால் அம்மாவைக் கூட்டுக் கடன்தாரராகப் போடமுடியுமா என்று கேளுங்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கு, படிக்கிற காலத்துக்கும் அதற்குப்பின் ஒரு வருடத்துக்கும் உண்டான வட்டியை மத்திய அரசு ஏற்கிற திட்டம் இருக்கிறது. ஆனால் அங்கீகாரம் பெற்ற காலேஜாக இருக்கவேண்டும், வருமானச் சான்றிதழைக் கொடுத்து நீங்களாகக் கேட்கவும் வேண்டும். கேட்காதவர்களுக்கு வட்டி ஏறிக்கொண்டே போய், படிப்பு முடிகிறபோது வாங்கியதைவிடப் பெரிய தொகை வந்து நிற்கிறது. இதை வங்கிக்காரர்கள் முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லவேண்டும், அது அவர்கள் வேலை.

கேள்வி: தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஐந்து அரியர். மற்றவர்கள் இங்கிலீஷில் பேசும்போது வாயே திறக்க முடியவில்லை. வீட்டில் ஆடு மேய்க்கிறார்கள், அரியர் என்று சொன்னால் புரியாது. விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.
*மாணவர், புதுக்கோட்டை மாவட்டம்*

தம்பி, விட்டுவிடாதே. அரியர் என்பது திரும்ப எழுதித் தீர்க்கிற விஷயம், இன்ஜினியர் வீட்டுப் பையனும் அரியர் வைக்கிறான், அவனுக்கு அவன் அப்பா "நானும் வைத்திருந்தேன், அடுத்த செம்மில் அடிச்சிடலாம்" என்று சொல்கிறார். உனக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை, அதனால் நான் சொல்கிறேன்.

பாடம் நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டுமா? தமிழ் மீடியப் பிள்ளைகளில் நிறையப் பேர் கணக்குத் தெரியாமல் தோற்பதில்லை, கேள்வித்தாளில் என்ன கேட்டிருக்கிறான் என்று பிடிபடாமல் தோற்கிறார்கள். பழைய கேள்வித்தாள்களை எடு, ஒவ்வொரு பாடத்திலும் திரும்பத் திரும்ப வருகிற வார்த்தைகளைத் தனி நோட்டில் எழுதித் தமிழில் அர்த்தம் போட்டு வை. ஐந்தையும் ஒரே செமஸ்டரில் தூக்கப் பார்க்காதே, எது இல்லாமல் மேல் பாடம் புரியாதோ அதை முதலில் எழுது, பெரும்பாலும் அது கணக்காக இருக்கும். உன் மாவட்டத்து சீனியர் ஒருவன் கண்டிப்பாக அந்தக் காலேஜில் இருப்பான், தேடிப் பிடி, விடுதியில் கேட்டால் தெரிந்துவிடும். லெக்சரரிடம் தமிழிலேயே சந்தேகம் கேள். முகம் சுளிக்கிறவர் இருப்பார்கள்தான், பத்தில் நாலு பேராவது உட்காரவைத்துச் சொல்லித்தருவார்கள், அந்த நாலு பேர் உனக்குப் போதும்.

வீட்டில் சொல்லிவிடு. "ஐந்து பாடம் பாக்கி, திரும்ப எழுதப்போகிறேன்" என்றால் உன் அம்மாவுக்குப் புரியும். மறைத்து வைத்துக்கொண்டு தனியாகத் தவிக்கிற பிள்ளைதான் பாதியில் நிற்கிறது. மனசு ரொம்ப பாரமாக இருந்தால் அரசின் உதவி எண் 104க்குப் போன் பண்ணு, தமிழில் பேசுவார்கள். மூன்று மாதம் கழித்து எத்தனை பாடம் முடித்தாய் என்று எனக்கு எழுது, நான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேள்வி: பக்கத்து டவுன் அரசுக் கலைக் கல்லூரியில் மகளுக்கு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கிடைத்திருக்கிறது. "கவர்மென்ட் காலேஜா?" என்று சொந்தக்காரர்கள் இழுக்கிறார்கள்.
*வாசகி, கடலூர் மாவட்டம்*

சேர்த்துவிடுங்கள். கட்டணம் மிகக் குறைவு, பாடம் நடத்துகிறவர்கள் போட்டியில் தேர்வாகி வந்தவர்கள். சில இடங்களில் ஆசிரியர் பற்றாக்குறை, லேப் பழசு என்பது உண்மை, அதற்கு அரசைத்தான் கேட்கவேண்டும், கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் சொந்தக்காரர் சொல்கிற காலேஜுக்கு வருடா வருடம் வட்டிக்கு வாங்கிக் கட்டப்போவது நீங்கள், அவர்கள் இல்லை.

கேள்வி: அண்ணன் முதல் பட்டதாரிச் சலுகையில் இன்ஜினியரிங் முடித்தான். இப்போது நான் சேரும்போது எனக்கு அந்தச் சலுகை கிடையாது என்கிறார்கள். அப்பா அதே கூலி வேலைதான். அண்ணனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. என்ன செய்வது?
*மாணவி, ராமநாதபுரம் மாவட்டம்*

விதி அப்படித்தான் இருக்கிறது பாப்பா. வீட்டில் ஒருவர் பட்டம் வாங்கிவிட்டால் அடுத்த பிள்ளை முதல் பட்டதாரி ஆகமுடியாது. 2010ல் தொடங்கிய நல்ல திட்டம், ஆயிரக்கணக்கான வீடுகளில் விளக்கேற்றியது. ஆனால் நம் வீடுகளில் முதலில் படிக்க அனுப்பப்படுவது பெரும்பாலும் பையன், சலுகை அவனோடு முடிந்துவிடுகிறது, பெண் வருகிறபோது முழுக் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். அண்ணன் டிகிரி வாங்கிய மறுநாளே அப்பாவின் கூலி ஏறிவிடுவதில்லை. வருமானம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் இரண்டாவது பிள்ளைக்கும், குறைந்தது பெண் பிள்ளைக்காவது, இதை நீட்டிக்கவேண்டும். முதலமைச்சரின் முகவரிக்கு மனு போடு, நானும் எழுதுகிறேன். இதைப் படிக்கிற, இதே நிலைமையில் இருக்கிற மற்ற வீட்டுக்காரர்களும் எழுதுங்கள், ஒரே விஷயத்துக்கு நூறு மனு போனால் பைல் நகரும்.

அதுவரை கையில் இருக்கிற வழிகளைப் பார். அரசுப் பள்ளி என்றால் 7.5 ஒதுக்கீடும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தாலும் அந்த 1000 ரூபாயை இப்போது கொடுக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடி என்றால் பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி உதவித்தொகை, அது எந்தத் துறையில் என்று காலேஜ் ஆபீசில் ஸ்காலர்ஷிப் பார்க்கிற கிளார்க் சொல்வார். எல்லாவற்றுக்கும் வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் உன் பெயரில் ஆதார் இணைத்த பேங்க் அக்கவுன்ட்டும் வேண்டும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வருவதற்கு நாளாகும், கவுன்சலிங் சமயத்தில் கூட்டமும் அதிகம், அதனால் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பம் கொடுத்துவிடு.